ஸ்கேனில் வரும் "குப்பை" நோயைச் சொல்லுமா?

எமர்ஜென்சிக்கு ஒருத்தர் கடும் மூச்சுத் திணறலோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீண்ட நாள் புகைப்பழக்கம், கூடவே இதயக் கோளாறு. இப்போது திணறுவது எதனால்? மூச்சுக்குழாய் சுருங்கியதாலா, இதயம் பலவீனமாகி நுரையீரலுக்குள் நீர் கசிந்ததாலா? முதலாவதற்கு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, இரண்டாவதற்கு நீரை வெளியேற்றும் மருந்து. சிக்கல் என்னவென்றால், ஸ்டெதாஸ்கோப்பில் ரெண்டுக்குமே வீசிங் கேட்கலாம்.

வயிற்றுக்கும் கர்ப்பத்துக்கும் பார்க்கும் அல்ட்ராசவுண்டை நெஞ்சில் வைத்தால் என்ன? ரொம்ப நாளாக, "நுரையீரலுக்கு அது உதவாது" என்பதுதான் பதில். காற்று, ஒலியை ஏறக்குறைய முழுசாகத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இருப்பது தெரியாது. திரையில் வருவதெல்லாம் பொய்ப் பிம்பம்.

பிரான்ஸைச் சேர்ந்த தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைன் அந்தப் பொய்ப் பிம்பங்களையே படிக்க ஆரம்பித்தார். நாங்கள் லாக் ஃபைலில் தேவையில்லை என்று வடிகட்டி எறிகிற வரிகளில் ஒருவர் உட்கார்ந்து பேட்டர்ன் தேடின மாதிரி!

அது இப்படி வேலை செய்கிறது. நுரையீரலில் காற்று மட்டும் இருந்தால், ஒலி நுரையீரல் உறைக்கும் கருவிக்கும் நடுவே பந்து மாதிரி போய்ப்போய் வரும். தாமதமாக வரும் எதிரொலியை மெஷின் "ஆழத்திலிருந்து வந்தது" என்று எடுத்துக்கொண்டு, சம இடைவெளியில் கிடைமட்டக் கோடுகள் வரையும். இவை ஏ கோடுகள். காற்றறைகளைச் சுற்றி நீர் சேர்ந்தால், உறையிலிருந்து டார்ச் வெளிச்சம் மாதிரி செங்குத்துக் கோடுகள் திரையின் அடிவரை இறங்கும். இவை பி கோடுகள். ஒரே இடத்தில் மூன்றோ அதற்கு மேலோ, அதுவும் இரண்டு பக்கமும் பல இடங்களில் தெரிந்தால், நீர் கசிவைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

இன்னொன்று, மூச்சோடு சேர்ந்து உறை வழுக்கி நகர்வது. அது தெரிந்தால், அந்த இடத்தில் நுரையீரலுக்கு வெளியே காற்று புகுந்திருக்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

இதையெல்லாம், கால் நரம்பில் ரத்தக்கட்டு தேடுவதோடு சேர்த்து, 2008-இல் அவரும் மெஸியேரும் 'செஸ்ட்' இதழில் ப்ளூ புரோட்டோகால் என்று வெளியிட்டார்கள். 260 நோயாளிகளில் 90.5% பேருக்குச் சரியான காரணம் கிடைத்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும்: கடைசிவரை காரணம் உறுதியாகாதவர்களையும் அரிய நோயாளிகளையும் கணக்கில் சேர்க்கவில்லை. நிஜ வார்டில் ஒரே ஆளுக்கு இரண்டு நோயும் சேர்ந்தே வரும். நிமோனியாவிலும் நுரையீரல் தழும்பிலும்கூட பி கோடுகள் வரும். அதனால் இந்தக் கோடுகளை நோயாளியின் கதை, பரிசோதனை, ஈசிஜி எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் படிக்கணும்.

எமர்ஜென்சியில் டாக்டர் உங்கள் வீட்டுப் பெரியவர் நெஞ்சில் ஜெல் தடவி ஸ்கேன் வைத்தால், இதயத்தைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் கோடுகளையும் எண்ணிக்கொண்டிருக்கலாம்.