முதல் வெப்சைட் தொடங்கப் போறீங்களா? டொமைன் யார் பேர்ல இருக்குன்னு முதல்ல பாருங்க!

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம், வடகாடு பகுதி பலாப்பழத்துக்கு வெளியூரிலும் கிராக்கி உண்டு. ஆனால் சென்னையில் இருக்கும் ஒருவர் மொபைலில் தேடினால், விளைவிக்கும் விவசாயியின் பெயர் வருமா? வர வேண்டும் என்றால் சொந்தமாக ஒரு வெப்சைட் இருப்பது நல்லது.

புதுக்கோட்டைக்கு இது புதுசா?

இல்லை. 2015 அக்டோபர் 11-ல் இங்கு வலைப்பதிவர் திருவிழா நடந்தது. புதுக்கோட்டை கணினித் தமிழ்ச் சங்கம் இதை நடத்தியது. அந்தக் காலத்தில் தமிழில் எழுதிய பலர் கூகுளின் இலவச பிளாக்ஸ்பாட்டைத்தான் பயன்படுத்தினார்கள். எழுத்து அவர்களுடையது, முகவரியின் பின்பாதி கூகுளுடையது. ஃபேஸ்புக் பக்கமும் இப்படித்தான்.

என்னென்ன வேணும்?

மூன்று விஷயங்கள் போதும். ஒன்று, டொமைன். அதாவது தளத்தின் முகவரி. டாட் காம், டாட் இன் மட்டுமல்ல, தமிழிலேயே '.இந்தியா' என்றும் வாங்கலாம். இரண்டு, ஹோஸ்டிங். உங்கள் பக்கங்களைச் சேமித்து வைக்கும் சர்வர் இடம். மூன்று, பக்கங்கள். கோடிங் தெரியாதவர்கள் வேர்ட்பிரஸ், கூகுள் சைட்ஸ் போன்றவற்றில் இலவசமாகவே தொடங்கிப் பார்க்கலாம்.

எங்க ஏமாறுவோம்?

பலர் தெரிந்த ஒருவரிடம் பணம் கொடுத்து 'எல்லாத்தையும் நீங்களே பார்த்துக்கோங்க' என்று விட்டுவிடுவார்கள். அவர் தன் பெயரில், தன் இமெயிலில் டொமைனைப் பதிவு செய்துவிட்டால், ஆவணப்படி அது அவருடையது. போர்டு, பில், விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அந்த முகவரியை அச்சடித்த பிறகு மனக்கசப்பு வந்தால் சிக்கல்தான். வேலையை யார் செய்தாலும் பதிவு உங்கள் பெயர், உங்கள் இமெயில், உங்கள் மொபைல் எண்ணில் இருக்கட்டும். பாஸ்வேர்டும் உங்களிடம் இருக்கணும்.

டொமைனை ஒரேயடியாக விலைக்கு வாங்க முடியாது. குறிப்பிட்ட காலத்துக்குத்தான் பதிவு; பிறகு புதுப்பிக்க வேண்டும். முதல் வருட ஆஃபர் விலையை மட்டும் பார்க்காமல், புதுப்பிக்கும்போது எவ்வளவு என்று கேளுங்கள். தவறவிட்டால் கூடுதல் கட்டணம் கட்ட நேரலாம். அதற்கும் பிறகு விட்டால் வேறு யாரும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்ல எழுதினா தேடும்போது வருமா?

வரும். ஆனால் யூனிகோடில் எழுத வேண்டும். அச்சகங்களில் பயன்படும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால், ஆங்கில எழுத்துக்கள் குழம்பியது போலத் தெரியும். கூகுள் தேடலிலும் சிக்காது. மொபைல் தமிழ் கீபோர்டில் அடித்தாலே யூனிகோடுதான்.

முதல் நாள் என்ன போடலாம்?

ஒரே பக்கம் போதும். பெயர், ஊர், என்ன கிடைக்கும், எந்த மாதத்தில் கிடைக்கும், விலை, போன் எண், வரும் வழி. சீசன் முடிந்தால் 'இப்போது பழம் இல்லை' என்று மாற்றிவிடுங்கள். பழைய விலையைப் பார்த்து போன் செய்தவர் அடுத்த முறை அழைக்க யோசிப்பார்.