சிதறலும் சீரமைப்பும்

எழுதியதை அடித்துத் திருத்துதல் நல்ல கணக்கருக்கு அழகன்று. பிழை நேர்ந்த பக்கத்தை அவ்வாறே விட்டுவிட்டு, சரியான கணக்கைப் புதிய பக்கத்தில் எழுதி, ‘இனி இப்பக்கம் காண்க’ எனப் பொருளடக்கத்தில் அவர் குறித்துவைப்பார். கணினி உலகிலும் இந்நெறியைப் பின்பற்றும் கோப்பு முறைமைகள் உள்ளன. ‘எழுதுங்கால் படியெடுத்தல்’ என இந்நெறியை அழைக்கலாம். 2009ஆம் ஆண்டு லினக்ஸ் கர்னலில் சேர்க்கப்பெற்ற பி.டி.ஆர்.எஃப்.எஸ். இவ்வகையைச் சார்ந்தது.

இந்நெறியின் பயன் பெரிது. எழுதும்போதே மின்சாரம் தடைப்படினும் பழைய பதிவு அழிவதில்லை. ‘ஸ்னாப்ஷாட்’ எனப்படும் கணநேரப் பதிவை நொடிப்பொழுதில் எடுத்துவைக்கலாம். ஆயினும் இப்பயனுக்கு ஒரு விலையுண்டு. தரவுத்தளம், மெய்நிகர்க் கணினியின் வட்டுக் கோப்பு ஆகியவற்றில் இடையிடையே சிறு சிறு மாற்றங்கள் ஓயாது நிகழும். ஒவ்வொரு மாற்றமும் வட்டின் வேறோர் இடத்தில் எழுதப்படுவதால், ஒரே கோப்பு பல்லாயிரம் துண்டுகளாகச் சிதறுகிறது. சுழலும் வட்டில் ஒரு துண்டிலிருந்து மற்றொன்றிற்குச் செல்ல ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும் எனக் கொள்வோம். 6,000 துண்டுகளைத் தேடுவதற்கே ஒரு நிமிடம் கழிந்துவிடும். சுழலும் பகுதியில்லாத எஸ்.எஸ்.டி. வகையில் இத்தாமதம் மிகக் குறைவு.

இதற்குத் தீர்வுகள் மூன்று. முதலாவது, ‘டிஃபிராக்மென்ட்’ என்னும் கட்டளையால் துண்டுகளை ஒருங்கு சேர்த்தல். இரண்டாவது, ‘ஆட்டோடிஃபிராக்’ என்னும் தெரிவினால் கணினியையே அவ்வப்போது சேர்க்கச் செய்தல். இஃது உலாவியின் சிறு தரவுத்தளங்களுக்கு ஏற்றது, பெருந்தரவுத்தளங்களுக்குப் பொருந்தாது. மூன்றாவது, குறிப்பிட்ட கோப்புகளுக்கு மட்டும் படியெடுத்தலை நிறுத்திவிடுதல். வெற்றுக் கோப்புறை ஒன்றிற்கு இப்பண்பை முதலில் அளித்துப் பின்னரே கோப்புகளை அதனுள் புதிதாகப் படியெடுக்க வேண்டும். முன்பே எழுதப்பட்ட கோப்பிற்கு இப்பண்பு பயன் தராது.

இவற்றுள் எதையும் ஆராயாது கைக்கொள்ளுதல் தீங்காக முடியும். 10 ஜிகாபைட் அளவுள்ள கோப்பொன்றிற்குக் கணநேரப் பதிவும் இருப்பதாகக் கொள்வோம். அதுகாறும் இரண்டும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கும். கோப்பை ஒருங்கு சேர்த்தால் அப்பகிர்வு அறுந்து, 20 ஜிகாபைட் வரை இடம் செலவாகலாம். வட்டைச் சீர்செய்யப் புகுந்தவர் அதனை நிரப்பிவிட்டுத் திகைக்க நேரிடும். படியெடுத்தலை நிறுத்தினாலோ, தரவு பழுதுபட்டதா என்பதைக் காட்டும் சரிபார்ப்புத் தொகையும் உடன் நீங்கிவிடுகிறது. சுருக்கிச் சேமிக்கும் வசதியும் இல்லாது போகிறது. இரு வட்டுகளில் இரு படிகள் வைத்திருந்து, அவை தம்முள் வேறுபட்டால், எது சரியென அறியவும் வழியிராது. தன் தரவைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் தரவுத்தளத்திற்கு இது பேரிழப்பன்று. நிழற்படங்களுக்கும் கட்டுரைகளுக்கும் இது பேரிழப்பே.

எனவே மாணவ நண்பர்கள் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். சிதறல் என்பது பாதுகாப்பிற்கு நாம் தரும் விலை. ஒரு முறை எழுதிப் பலமுறை படிக்கும் கோப்புகளில் அவ்விலை மிகச் சிறிது. அவற்றைத் தொடாதிருத்தலே நன்று. வேகம் குன்றிய கோப்பு எதுவெனக் கண்டறிந்து, அதன் துண்டுகளை எண்ணிப் பார்த்து, கணநேரப் பதிவுகளையும் எஞ்சிய இடத்தையும் நோக்கி, வேறிடத்தில் ஒரு படி எடுத்துவைத்த பின்னரே சீரமைப்பில் இறங்குதல் வேண்டும். வேகம் குறைந்தால் காத்திருந்து பெறலாம். தரவு அழிந்தால் காத்திருந்தும் பெறவியலாது.