பார்க்கக் கற்கும் மூளை

டெல்லி மெட்ரோ ரயில் ஜண்டேவாலானைத் தாண்டிக் கரோல் பாக்கை நெருங்கும்போது, 108 அடி உயர அனுமார் சிலை ஜன்னலில் தெரியும். புசா ரோட்டுக்குப் போகிறவர்கள் இறங்கத் தயாராவதற்கு அது ஒரு அடையாளம். முகம், கிரீடம், கை என்று தனித்தனியாக யாரும் பார்த்துக் கூட்டுவதில்லை. பார்த்ததுமே அனுமார் என்று தெரிந்துவிடுகிறது. இந்தத் திறமை கண்ணில் இல்லை, மூளையில் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் முதல் சில வருடங்களில்தான் மூளை கற்றுக்கொள்கிறது. பெற்றோர் பலருக்கு இது தெரியாததால் எத்தனையோ பிள்ளைகள் ஒரு கண்ணின் பார்வையை வீணாக இழக்கிறார்கள்.

விழித்திரை முதல் பிடரி வரை

ஒரு விழித்திரையில் ஏறக்குறைய 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் உள்ளன. ஆனால் அங்கிருந்து புறப்படும் பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகளே உண்டு. அதனால் விழித்திரையே சுருக்கும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. வெளிச்சம் மாறும் இடங்களையும் விளிம்புகளையும் முக்கியமாக அனுப்புகிறது. பிடரிப் பக்கத்து மூளைப் புறணியில் ஒரு செல் செங்குத்துக் கோட்டுக்குத் துடிக்கும், இன்னொன்று சாய்ந்த கோட்டுக்கு மட்டும் துடிக்கும். பூனைகளிலும் குரங்குகளிலும் இதைக் கண்டறிந்த டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பிடரியிலிருந்து செய்தி இரண்டு வழியாகப் பிரிகிறது. பொட்டுப் பக்கம் போகும் கீழ்வழி, பார்ப்பது என்ன என்று சொல்கிறது. உச்சிப் பக்கம் போகும் மேல்வழி, அது எங்கே இருக்கிறது, கையை எப்படி நீட்டுவது என்று சொல்கிறது. கீழ்வழியில் முகங்களுக்கென்றே தனித் திட்டுகள் இருப்பதை மக்காக் குரங்குகளில் கண்டார்கள். புசா ரோட்டுக்குத் தெற்கே ரிட்ஜ் காட்டில் திரியும் ரீசஸ் குரங்குகளும் மக்காக் இனம்தான். நம் பார்வை மூளையைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி அந்த இனத்திலிருந்து கிடைத்தது.

பயன்படாத கண் தோற்றுப்போகும்

ஹியூபலும் வீசலும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்துத் திறந்தார்கள். கண்ணில் கோளாறு ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கண் அனுப்பிய செய்திக்கு மூளைப் புறணியின் செல்கள் அநேகமாகப் பதிலே சொல்லவில்லை. அந்த இடத்தைத் திறந்திருந்த கண் எடுத்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனையில் அதே சோதனை இந்த விளைவைத் தரவில்லை. குட்டிக் குரங்குகளிலும் பின்னர் இதையே கண்டார்கள்.

பிறவிக் கண்புரை, மாறுகண், இரு கண்களுக்கும் பவர் வித்தியாசம் ஆகிய மூன்றும் மனிதக் குழந்தைக்கு இதே கேட்டைச் செய்யும். மங்கலான கண்ணை மூளை ஒதுக்கத் தொடங்கும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். பிறகு கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் உடனே தெளிவாகப் பார்க்காது.

தரியாகஞ்சில் கிடைத்த விடை

பிறவியிலேயே பார்வையில்லாதவர் தொட்டறிந்த உருண்டையையும் கனசதுரத்தையும், பார்வை வந்தபின் கண்ணால் மட்டுமே பார்த்து அடையாளம் சொல்வாரா என்று அறிஞர் வில்லியம் மோலினோ 1688இல் கேட்டார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் விடை டெல்லியிலிருந்து வந்தது. டெல்லி ஐஐடியில் படித்த எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா, தரியாகஞ்சிலுள்ள டாக்டர் ஷ்ராஃப் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையோடு சேர்ந்து ‘பிரகாஷ்’ திட்டத்தை நடத்தினார். பிறவிப் பார்வையின்மை உள்ள ஏழைப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து சிகிச்சை அளிப்பதும், அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று கவனிப்பதும் ஆகிய இரண்டும் அதில் அடங்கும்.

8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரின் முடிவுகள் 2011இல் வெளியாயின. அறுவை முடிந்த உடனே, தொட்ட பொருளைக் கண்ணால் அடையாளம் காட்டச் சொன்னபோது அவர்கள் சொன்னது பூவா தலையா போட்டுச் சொன்னதைப் போலத்தான் இருந்தது. மறுபடி சோதிக்கப்பட்டவர்கள் விரைவிலேயே தேறினார்கள். இன்னொரு ஆய்வில், புதிதாகப் பார்வை பெற்றவர்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்த வடிவங்களைத் துண்டு துண்டாக எண்ணினார்கள். அவை நகர்ந்தபோதோ எது எதோடு சேர்ந்தது என்று புரிந்துகொண்டார்கள். அசைவுதான் மூளைக்குப் பார்வையைச் சொல்லித்தருகிறது என்பதற்கு இதைவிட அழகான சான்றை நான் அறியேன். ஆனாலும் அவர்களுடைய பார்வைக் கூர்மை முழுதாக வரவில்லை. தாமதத்தின் விலை அது.

பெற்றோர் கவனிக்க

கருவிழியின் நடுவே வெண்மை தெரிந்தாலோ, செல்போன் ஃபிளாஷ் படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ உடனே கண் மருத்துவரிடம் போங்கள். கண்புரை இருக்கலாம், அரிதாகப் புற்றுக்கட்டியாகவும் இருக்கலாம். பச்சிளம் குழந்தைக்கு அடர்ந்த புரை என்றால் முதல் ஆறு, எட்டு வாரங்களுக்குள் அறுவை செய்வதே நல்லது. நான்கு மாதத்துக்குப் பிறகும் கண் விலகுவதை ‘அதிர்ஷ்டக் கண்’ என்று விட்டுவிடாதீர்கள்.

சோம்பேறிக் கண்ணுக்குச் சரியான கண்ணாடியும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மறைப்பதும் வழக்கமான சிகிச்சை. ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பதின்வயதிலும் சிலருக்கு முன்னேற்றம் கிடைத்திருக்கிறது, கைவிட வேண்டாம். எவ்வளவு நேரம் மறைப்பது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். கண்ணை மறைக்கும் ஒட்டுடன் பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கேலி செய்யாதபடி ஆசிரியரிடம் முன்பே பேசிவையுங்கள்.

ஒரு கண் நன்றாக இருந்தால் பிள்ளை ஓடும், படிக்கும், டிவி பார்க்கும். குறை வெளியே தெரியாது. பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது என்று சொன்னால், ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மறைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.