இட்லி மாவும் வீட்டுக் கடனும்

மூன்று வாரத்துக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். "20 வருடக் கணக்கில் வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறோம். இருக்கிற நகையை விற்று ஒரேயடியாக அடைத்துவிடலாமா, இல்லை வங்கி சொன்னபடியே கட்டிக்கொண்டு போகலாமா?" என்று கேட்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. 2036-ல் முடிய வேண்டிய எங்கள் கடனை அந்த வழியில்தான் 2025 ஜூனில் முடித்தோம். அதனால் எனக்குச் சொல்லக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

எங்களுக்குத் திண்டிவனம். வீட்டுக்காரர் விழுப்புரத்தில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறார். 2016-ல் அவருக்குச் சம்பளம் 26 ஆயிரம். மாமனார் அந்தக் காலத்தில் மல்லாட்டை விற்ற காசில் வாங்கிப்போட்ட 1,200 சதுர அடி மனை, மாமியார் பெயரில் இருந்தது. அதில் சின்னதாய் ஒரு வீடு கட்ட விழுப்புரத்தில் ஒரு வங்கியில் 12 லட்சம் வாங்கினோம். வட்டி 9.5 சதவீதம், மாதத் தவணை 11,186 ரூபாய். மனைப் பத்திரத்தைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த அத்தை, "20 வருசமா? அதுக்குள்ள நான் இருப்பனோ என்னமோ, அந்தப் பத்திரத்தை மறுபடி பாப்பனாம்மா?" என்று கேட்டார். அவருக்கு அப்போது 63 வயது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

முதல் வருடம் முடிந்ததும் வங்கியில் கணக்குத் தாள் வாங்கிப் பார்த்தோம். 12 தவணையாக 1 லட்சத்து 34 ஆயிரம் கட்டியிருக்கிறோம். அசலில் குறைந்தது 21 ஆயிரத்துச் சொச்சம்! மீதி எல்லாம் வட்டிக்கே போயிருந்தது. வீட்டுக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் வங்கி ஏமாற்று எதுவும் இல்லை தோழிகளே. பாக்கி எவ்வளவோ அதற்குத்தான் வட்டி. ஆரம்பத்தில் பாக்கி மலை போல இருப்பதால் வட்டியும் மலை போல இருக்கிறது. முதல் தவணை 11,186-ல் வட்டி 9,500, அசல் வெறும் 1,686.

இதையே மறுபக்கமாகப் பாருங்கள். இரண்டாவது தவணையில் அசலுக்குப் போவது 1,699 ரூபாய். அந்த 1,699-ஐ முதல் மாதமே சேர்த்துக் கட்டிவிட்டால், அந்த ஒரு தவணைக்கு உரிய வட்டி 9,487 ரூபாய் நம் தலையில் விழவே விழாது. அதாவது 1,700 ரூபாயில் 11 ஆயிரத்துத் தவணை ஒன்று கடைசியில் காணாமல் போகிறது. எங்கள் வீட்டில் இதற்கு "தவணை வெட்டு" என்று பெயர் வைத்தோம். எங்கள் கடனில் முதல் வருடக் கடைசியில் 1 லட்சம் கூடுதலாகக் கட்ட முடிந்திருந்தால் 45 தவணை வெட்டுப்பட்டிருக்கும். அதே லட்சத்தை 15 வருடம் கழித்துக் கட்டினால் 13, 14 தவணைதான். முந்திக் கட்டும் காசுக்குத்தான் பலம் அதிகம். வங்கியில் கேட்டால் தவணை அட்டவணை கொடுப்பார்கள். ஒவ்வொரு மாதமும் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று அதில் இருக்கும். நாங்கள் அதை மகளின் கணக்கு நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, வெட்டுப்பட்ட தவணைகளைச் சிவப்பு பால்பாயின்ட்டில் அடித்துக்கொண்டே வந்தோம்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் போடுவார்களே என்று சிலர் பயப்படுகிறார்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு வங்கிகள் அப்படி எதுவும் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனிலேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டியில் வாங்கியவர்கள் மட்டும் ஒப்பந்தத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

சரி, காசு எங்கிருந்து வந்தது? முதலில் எல்லோரையும் போல நானும் சிக்கனத்தில்தான் இறங்கினேன். கேபிளை நிறுத்தினோம். அவர் பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்தார். காலையில் பாசஞ்சர் பிடித்து மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டி விழுப்புரம். பஸ் செலவில் பாதிகூட ஆகவில்லை. மல்லாட்டை அறுவடை சமயத்தில் மூட்டையாக வாங்கிக் காயவைத்து, உடைத்து, செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்து வைத்துக்கொண்டேன். புண்ணாக்கைப் பக்கத்துத் தெரு மாட்டுக்காரம்மா வாங்கிக்கொண்டார். துணிமணி தீபாவளிக்கு மட்டும். ஆனால் மகளின் படிப்பு, பால், தயிர், அத்தையின் ரத்த அழுத்த மாத்திரை, இவற்றில் மட்டும் கை வைப்பதில்லை என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்து, பிறகு அதை ஆஸ்பத்திரியில் கொடுத்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

இப்படி எல்லாம் பிழிந்தும் மாதம் 800, 900-க்கு மேல் தேறவில்லை. 26 ஆயிரம் சம்பளத்தில் தவணை போக மீதியில் நாலு பேர் சாப்பிடும் வீட்டில் அதற்கு மேல் சாறு வராது. வருமானம் கூட வேண்டும், வேறு வழி கிடையாது. மகளிர் பக்கங்களில் சிக்கனக் குறிப்புகளாகவே வருகிறதே, இதையும் கொஞ்சம் எழுதுங்களேன் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

2017 பொங்கல் முடிந்ததும் மாவு வியாபாரம் தொடங்கினேன். வீட்டில் இரண்டு லிட்டர் கிரைண்டர் இருந்தது. எதிர் வீட்டு டீச்சரம்மாதான் முதல் வாடிக்கை. பிறகு பள்ளிக்கூடம் போகும் இன்னும் இரண்டு டீச்சர், ஒரு நர்ஸ் அம்மா. ஆறே மாதத்தில் தினம் ஏழெட்டுக் கிலோ ஆகிவிட்டது. நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக அரைக்க வேண்டும். வெயில் காலத்தில் மாவு பொங்கிப் புளித்துவிடும் என்பதால் சித்திரை, வைகாசியில் இரண்டு தடவையாக அரைப்பேன். உளுந்து விலை ஏறும்போது லாபம் பாதியாகிவிடும். அதற்காக உளுந்தைக் குறைத்து ஆமணக்கையோ சோடாவையோ போட்டால் மறுநாளே வாடிக்கை போய்விடும். பகலில் சாக்கெட் தைப்பேன், சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பேன். கிரைண்டர் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒருமுறை கோபித்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தினம் ஒரு கிண்ணம் மாவு போகிறது, இப்போது சத்தம் கேட்பதில்லை போலும்!

மாவுக் காசுக்கு என்று தனி டப்பா. வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது, மறுபடி உளுந்து வாங்க மட்டும் எடுக்கலாம். எங்கள் கிளையில் ஒரு தவணைக்குக் குறையாமல் இருந்தால்தான் கூடுதல் தொகையை வாங்கினார்கள். அதனால் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பாவைத் திறந்து எண்ணிக் கொண்டுபோய்க் கட்டுவோம். இப்படி 40 தடவைக்கு மேல் விழுப்புரம் போயிருக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கூடுதல் பணம் கட்டும்போது, "இதை அசலில் கழிக்கவும், மாதத் தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். எங்களுக்கு ஒருமுறை 14 ஆயிரத்தை அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வரவு வைத்துவிட்டார்கள். நோட்டும் முத்திரை போட்ட நகலும் கையில் இருந்ததால் பத்தே நிமிடத்தில் திருத்திக் கொடுத்தார்கள். நோட்டு இல்லாதவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

2020-ல் ஊரடங்கு வந்ததும் ரயில் நின்றது, கடை மூடினார்கள், இரண்டு மாதம் பாதிச் சம்பளம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தள்ளிவைக்கலாமே தவிர வட்டி நிற்காது, அது அசலோடு சேர்ந்துகொள்ளும் என்று அவர் கணக்குப் போட்டுச் சொன்னார். மூன்று தவணைக்கான பணம் எப்போதும் தபால் ஆபீசில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. அதை எடுத்துக் கட்டினோம். நான் முகக்கவசம் தைத்தேன். தபால் ஆபீஸ் பணத்தை மறுபடி நிரப்பும் வரை தவணை வெட்டு கிடையாது. கையில் அவசரத்துக்கு ஒன்றும் வைக்காமல் எல்லாவற்றையும் கடனில் கொட்டுவது சரியில்லை என்பது என் எண்ணம். அப்படிச் செய்தால் ஒரு காய்ச்சல் வந்தாலும் கந்துவட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

அதே வருடம் ஒரு நல்லதும் நடந்தது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதத்துக்கு இறங்கியது. எங்கள் கடனைக் கொஞ்சம் கட்டணம் கட்டி ரெப்போவோடு சேர்ந்த வட்டிக்கு ஏற்கெனவே மாற்றியிருந்ததால் எங்களுக்கும் வட்டி இறங்கியது. "தவணையைக் குறைச்சிக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டார்கள். வேண்டாம், பழைய 11,186-ஐயே கட்டுகிறோம் என்றோம். அப்போதுதான் நோட்டில் சிவப்புக் கோடு வேகமாக ஓடியது. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ இரண்டரை சதவீதம் ஏறியபோது, வாயைத் திறக்காமல் எங்கள் கடனின் காலம் நீண்டுவிட்டது. வெட்டிய தவணைகள் மறுபடி முளைத்த மாதிரி! இப்படி வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. உங்கள் கடன் எந்த வருடம் முடிகிறது என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

கரையேறும் நேரத்தில்தான் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் மட்டும் சுமார் 50 செ.மீ. மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடி ரயிலே நின்றுபோனது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். உளுந்து மூட்டை ஊறி முளைவிட்டது. கிரைண்டர் மோட்டாரும் தையல் மெஷின் மோட்டாரும் போய்விட்டன. கடன் பாக்கி அப்போது 90 ஆயிரம் சொச்சம். "போதும்மா, மெதுவா கட்டிக்கலாம், நான் எங்கேயும் போயிட மாட்டேன்" என்று அத்தையே சொன்னார். அரசு கொடுத்த 2,000 ரூபாயில் கிரைண்டர் மோட்டாரைச் சரிசெய்தோம். எதிர் வீட்டு டீச்சரம்மா கேட்காமலே ஒரு மாத மாவுக்கு முன்பணம் கொடுத்தார். பத்தொன்பது நாள் கழித்து மறுபடி மாவு அரைத்தேன்.

மொத்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 105 தவணை, 11 லட்சத்து 74 ஆயிரம். கூடுதலாகக் கட்டியது 5 லட்சத்து 30 ஆயிரம். அதில் மாவு 2 லட்சத்து 60 ஆயிரம், தையல் 1 லட்சத்து 20 ஆயிரம், சிக்கனத்தில் மிச்சம் 90 ஆயிரம், அவருடைய தீபாவளி போனஸில் பாதி பாதியாக 60 ஆயிரம். முதல் அட்டவணைப்படி 20 வருடத்தில் நாங்கள் கட்டியிருக்க வேண்டியது 26 லட்சத்து 84 ஆயிரம். கிட்டத்தட்ட 9 லட்சத்து 80 ஆயிரம் மிச்சம். இதில் இடையில் வட்டி இறங்கிய புண்ணியமும் கொஞ்சம் இருக்கிறது.

அந்தச் சகோதரிக்கு என் பதில் இதுதான். நகையை விற்க வேண்டாம். அதே சமயம் குழுக் கடன், கைமாற்று என்று வேறு கடன் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். அவற்றுக்கு வட்டி 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதை விட்டுவிட்டு 9 சதவீதக் கடனை வெட்டுவதில் லாபமில்லை. வருமான வரிச் சலுகை போய்விடுமே என்று என் தம்பி கேட்டான். பழைய வரி முறையில் இருந்துகொண்டு நிறைய வரி கட்டுகிறவர்கள் அதை யோசிக்கலாம். எங்கள் வீட்டுக்காரர் சம்பளத்துக்கு வரியே இல்லை, அப்புறம் சலுகை எதற்கு?

கடைசித் தவணை கட்டிய பிறகும் வேலை இருக்கிறது. பாக்கி இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தாமதம் வங்கியால் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் இருக்கிறது. எங்களுக்குப் பன்னிரண்டாம் நாளே கிடைத்தது. 2016-ல் என்னென்ன ஒப்படைத்தோம் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மூலப் பத்திரம், தாய்ப் பத்திரம், வரைபடம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பிறகு திண்டிவனம் சார்பதிவாளர் அலுவலகத்தில் வங்கி அதிகாரி வந்து அடமான ரசீதைப் பதிவு செய்தார். இதைச் செய்யாமல் விட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். பிள்ளைகள் காலத்தில் சிக்கலாகும். இரண்டு வாரம் கழித்து வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். 2016 பதிவும், அதன் கீழே 2025 ரசீதும் வந்திருந்தன.

அன்று சாயங்காலம் அத்தை பத்திரத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். எழுத்து தெரியவில்லை. நாலு எல்லையையும் படிக்கச் சொன்னார். பிளஸ் டூ படிக்கும் பேத்தி கிழக்கே, மேற்கே என்று படிக்கப் படிக்க, அந்தந்தப் பக்கம் அந்தக் காலத்தில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாவு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிடவில்லை. ஜூலையிலிருந்து அந்தப் பணம் பேத்தி பெயரில் தபால் ஆபீஸ் ஆர்.டி.க்குப் போகிறது.

— ஒரு வாசகி, திண்டிவனம்.