உறைபனியும் வாகன இயந்திரமும்

ஆண்டு முழுவதும் வெயிலையும் மழையையும் மட்டுமே காணும் நமக்குக் காலையில் வாகனத்தை முடுக்குவது ஒரு பொருட்டே அன்று. ஆனால், அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்திலுள்ள ஃபேர்பேங்க்ஸ் நகரில் குளிர்கால வெப்பநிலை மைனஸ் 40 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. அங்கே ஆளரவமற்ற சாலையில் வாகனம் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. எனவே, இயந்திரத்தைக் குளிரிலிருந்து காப்பது அந்நகர மக்களின் அன்றாடக் கடமையாகிறது. குளிர் மூன்று வழிகளில் தாக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு தேவை.

முதலாவது, இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர். பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கும். நீரோ சுமார் 9 விழுக்காடு விரிவடையும். அந்த விரிவை இரும்பு வார்ப்பும் தாங்காமல் வெடித்துவிடும். இயந்திரத்தின் பக்கவாட்டிலுள்ள சிறு உலோக மூடிகள் அந்நேரத்தில் கழன்று அதைக் காக்கும் எனப் பலர் நம்புகின்றனர். உண்மையில் அவை, வார்ப்பின்போது உள்ளே இருந்த மணலை வெளியேற்ற விடப்பட்ட துளைகளின் அடைப்புகளே ஆகும்.

நீர் உறையாமலிருக்க எத்திலீன் கிளைக்கால் எனும் திரவத்தைக் கலக்கிறார்கள். அதன் மூலக்கூறுகள் இடையில் புகுந்துகொள்வதால், நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியாக அணிவகுக்க முடிவதில்லை. சரிபாதிக் கலவை ஏறத்தாழ மைனஸ் 37 பாகை வரை உறையாது. அப்படியானால், கிளைக்காலை மட்டுமே ஊற்றினால் இன்னும் நல்லதல்லவா என்ற ஐயம் எழலாம். அதுதான் இல்லை! தனிக் கிளைக்கால் சுமார் மைனஸ் 13 பாகையிலேயே உறைந்துவிடும். இரண்டும் கலந்தால்தான் உறைநிலை அவ்வளவு தாழும். ஃபேர்பேங்க்ஸ் போன்ற இடங்களுக்கு 60 விழுக்காடு கிளைக்கால் பொருத்தமானது.

இரண்டாவது, இயந்திர எண்ணெய். கடுங்குளிரில் அது தேன்போல் கெட்டியாகிவிடும். முடுக்கியதும் எண்ணெய் உரிய இடத்தைச் சென்றடையாவிட்டால் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து தேயும். எண்ணெய்ப் புட்டியில் ‘5 டபிள்யூ 30’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் குறையக் குறைய, எண்ணெய் குளிரிலும் எளிதில் ஓடும்.

மூன்றாவது, மின்கலம். மைனஸ் 18 பாகையில் அதன் முடுக்கும் திறன் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. கெட்டியான எண்ணெயைச் சுழற்றவோ கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. மேலும், மின்னேற்றம் முற்றிலும் தீர்ந்த மின்கலம் மைனஸ் 10 பாகையளவிலேயே உறைந்து வெடிக்கக்கூடும். முழு மின்னேற்றம் பெற்றதோ மைனஸ் 50 பாகையிலும் உறையாது.

இவற்றுக்கெல்லாம் துணைநிற்பது மின்சூடேற்றி. வட டகோட்டா மாநிலத்தின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃபிரீமன் உருவாக்கிய இயந்திரச் சூடேற்றிக்கு 1949-ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. இன்று ஃபேர்பேங்க்ஸில் வாகனங்களின் முகப்பில் மின்கம்பி தொங்குவதையும், நிறுத்துமிடங்களில் மின்செருகிகள் இருப்பதையும் சாதாரணமாகக் காணலாம். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னரே மின்னிணைப்புக் கொடுத்தால் இயந்திரம் வெதுவெதுப்பாகி எளிதில் இயங்கும். மாறாக, மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடேற்ற முயல்வது உயிருக்கு உலை வைக்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

பனி காணாத நம் நாட்டிலும் பல வாகனங்களில் இதே கிளைக்கால் கலவைதான் ஓடுகிறது. அது நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. அதனுடன் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் துருவைத் தடுக்கின்றன. ஆனால், கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய கொடிய நஞ்சு என்பதை மறத்தலாகாது. சிறுநீரகத்தைச் சிதைத்து உயிரையும் பறிக்கவல்லது. ஆகவே, எஞ்சியதைக் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்காமல், குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வைப்பது நம் பொறுப்பாகும்.