மீனுக்கு முன்னே நீர்

கடல் சூழ்ந்த கரைத்தீவிலே மீனுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், கண்ணாடித் தொட்டியிலே நன்னீர் மீன் வளர்க்க எம் மாணாக்கர் விழைந்தனர். கிணற்று நீர் நிரப்பிய அன்றே, குளத்திற் பிடித்த கெண்டைக்குஞ்சுகள் பன்னிரண்டை விட அனுமதித்தேன். எட்டாம் நாள் நீர் பளிங்கெனத் தெளிந்திருந்தது. மீன்களோ மாண்டு மிதந்தன.

“தெளிந்த நீரில் ஏன் ஐயா செத்தன?” என்றான் ஒரு சிறுவன். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. விஞ்ஞான ஆசிரியரை நாடினேன்.

மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு சேர்கிறது. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. பிறிதொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக்கும். மண்ணிலும் நிகழும் இவ்வினையை உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890 அளவில் ஆராய்ந்து நிறுவினார். புதுத் தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் இந்நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருக 4 முதல் 6 கிழமை செல்லும்.

மறுமுறை, மீனில்லாத் தொட்டியிலே நாடோறும் சிறிது மீனுணவு இட்டுக் காத்திருந்தோம். அமோனியாவும் நைத்திரைற்றும் அற்றமை சோதனையிலே தெரிந்தபின், நீரிற் பாதியை மாற்றி, நான்கு மீன்களை மட்டும் விட்டோம். அவை வாழ்கின்றன.

தெளிவு வேறு, பக்குவம் வேறு. ஓராண்டுப் பாடத்தை ஒரு திங்களிற் புகட்ட நான் விரைந்த நாள்களும் நினைவுக்கு வந்தன. வினவிய சிறுவனே இன்று தொட்டிக்குக் காவலன்.