அரூப ஓவியத்தைப் படித்தல்: கே. எம். ஆதிமூலத்தின் தைலவண்ணப் படைப்புகளை முன்வைத்து

கேரி தீவில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர்களுக்கு ஓவியர் கே. எம். ஆதிமூலத்தின் (1938–2008) தைலவண்ண ஓவியம் ஒன்றின் அச்சுப்படியைக் காட்டினேன். உருவம் ஏதுமற்ற வண்ணப் பரப்பு அது. உடனே எழுந்த வினா, “இது என்ன?” என்பதாகும். அவ்வினா அரூப ஓவியத்திற்குப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அரூபம் என்பது உருவமின்மை; பொருளின்மை அன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க் நகர ஓவியர் இதனை ஒரு பெரும் போக்காக வளர்த்தனர். ஜாக்சன் பொல்லாக் 1947 முதல் தரையில் விரித்த துணியின்மீது வண்ணத்தைச் சொட்டவிட்டு வரைந்தார். மார்க் ராத்கோ மெல்லிய வண்ணப் படலங்களை அடுக்கி, விளிம்பு மங்கிய செவ்வகங்களை உருவாக்கினார். அவர்தம் ஓவியங்கள் பலவற்றுக்கு எண்களே பெயர்களாயின. பெயர் பொருளைச் சுட்டிவிடின் கண் தன் தேடலை நிறுத்திவிடும் அன்றோ? மலேசியாவில் சையத் அகமட் ஜமால் (1929–2011) இப்போக்கின் முன்னோடிகளுள் ஒருவராவார்.

உருவம் வரைய இயலாதவர்களின் புகலிடமே அரூபம் என்னும் கருத்து நம்மிடையே உண்டு. ஆதிமூலத்தின் வாழ்வே இதற்கு மறுப்பாகும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற அவர், 1969ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களால் புகழ்பெற்றார். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கும் அவரே ஓவியம் தீட்டினார். கோட்டில் இத்துணைத் தேர்ச்சி பெற்றவர், தைலவண்ணத்தில் அக்கோட்டையே விலக்கி, வண்ணத்தையும் வெளியையும் மட்டும் நிறுத்தினார். இது இயலாமை அன்று, தேர்வு.

இத்தகைய ஓவியத்தை எவ்வாறு படிப்பது? எந்த வண்ணம் முன்வருகிறது, எது பின்வாங்குகிறது; இரு வண்ணங்கள் சந்திக்கும் விளிம்பு கூர்மையானதா, கரைந்ததா; பூச்சு தடிப்பானதா, மெல்லியதா என்று நோக்குதல் வேண்டும். இப்பயிற்சி நமக்குப் புதிதன்று. இராக ஆலாபனையைக் கேட்பவர் அது எதனைச் சித்திரிக்கிறது என வினவுவதில்லை. சிக்குக்கோலத்தின் வளைவுகளுக்கும் எவரும் பொழிப்புரை தேடுவதில்லை.

ஆயினும் வகுப்பறையில் நாம் விடையையே முதலில் தருகிறோம். முன்பொருமுறை மாணவர்களிடம் இத்தகைய ஓவியம் ஒன்றை, “இது நிலக்காட்சி” என்று யானே கூறிவிட்டேன். அக்கணமே அவர்கள் ஓவியத்தை விட்டுக் குறிப்பேட்டைப் பார்க்கலாயினர். அப்பிழையே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

கேரி தீவில் விடை கூறாது காத்திருந்தேன். சற்றுப் பொறுத்து ஆசிரியை ஒருவர், “மேலுள்ள சாம்பல் நிறம் கீழுள்ள மஞ்சளை அழுத்துகிறது; மழைக்கு முன்பு இப்படித்தான் இருக்கும்” என்றார். பின்னர், “மழை என்பது என் நினைவு, அழுத்தம் ஓவியத்தில் இருப்பது” என்று தாமே பிரித்துரைத்தார். கண்டதையும் கருதியதையும் வேறுபடுத்தி அறியும் இத்திறனே இலக்கியத் திறனாய்வுக்கும் அடிப்படையாகும். ஆகவே, தமிழாசிரியர்கள் அரூப ஓவியத்தையும் ஒரு பாடப்பொருளாகக் கொள்ளுதல் தகும்.